கம்பு மாவு ஏன் கசந்தது

அன்புள்ள மாலதி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது. பாக்கியை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

அரிசி டின்னைப் பரணில் ஏற்றிவிட்டு ஐந்து கிலோ கம்பு மாவு வாங்கினாயாமே! உனக்கு எதிலும் நிதானமே கிடையாதுடி. பெரியத்தை காதில் மட்டும் விழவேண்டாம்.

மாவு கசக்கிறது என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்காதே. கம்பில் நூறு கிராமுக்கு ஐந்து கிராம் கொழுப்பு இருக்கிறது. தீட்டிய அரிசியில் ஒரு கிராம்கூடத் தேறாது. முழுத் தானியமாக இருக்கும்வரை அந்த எண்ணெய்க்கு ஆபத்தில்லை. அரைத்ததுமே கம்பிலுள்ள நொதி அதை உடைக்கத் தொடங்கிவிடும். நம்மூர் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாளில் சிக்கு வாடையும் கசப்பும் வந்துவிடும். முழுக் கம்பாக வாங்கு. மூன்று நான்கு நாளைக்கு வேண்டியதை மட்டும் உடை. அரைக்குமுன் வெறும் வாணலியில் நன்றாகச் சூடேற வறுத்தால் இன்னும் சில நாள் தாங்கும்.

கூழுக்கு மாவை மட்டும் கரைத்து ஊற்றுவது சோம்பேறிகள் வழி. ஒரு டம்ளர் கம்பைக் கல் அரித்து, கழுவி, வடித்து, பத்து நிமிஷம் ஊறவிடு. மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் தோல் கழலும். துணியில் உலர்த்திப் புடைத்துவிட்டு, ரவையாக உடைத்துச் சலி. மேலே தங்குவது நொய், கீழே விழுவது மாவு. மூன்றரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் நொய்யை மட்டும் போட்டுக் கால் மணி நேரம் வேகவிடு. நசுக்கினால் மசியவேண்டும், அப்புறம்தான் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்த மாவைச் சேர்த்துக் கைவிடாமல் கிளறு. ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவை. காலையில் மோர், உப்பு, சின்ன வெங்காயம்.

மாவை முதலில் ஊற்றினால் கெட்டியாகி, நொய் உள்ளே வேகாமல் நின்றுவிடும். உன் வயிற்று உப்புசத்துக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். மீதி, வழக்கமில்லாத நார்ச்சத்தை மூன்று வேளையும் தள்ளியது. வாரம் இரண்டு நாளில் ஆரம்பி.

இனி விளையாட்டில்லை. உனக்குத் தைராய்டு குறைவு. கம்பின் தவிட்டில் தைராய்டைத் தடுக்கிற பொருள்கள் இருக்கின்றன. வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. சூடானின் டார்ஃபூரில் கம்பே பிரதான உணவாக இருந்த இடங்களில் கழுத்து வீங்கும் கழலை நோய் அதிகம் என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அங்கே அயோடின் குறைவும் சேர்ந்திருந்தது. உனக்கு எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் கேட்காமல் தினமும் கம்பு வேண்டாம். அயோடின் உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறியிருந்தால் அதையும் அவரிடம் சொல். தைராய்டு மாத்திரை போட்ட கையோடு கேழ்வரகுக் கூழும் குடிக்காதே; அதன் சுண்ணாம்புச்சத்து மருந்தை உடம்பில் முழுதாக ஏறவிடாது.

நெல்லைவிடக் கம்பு விளைவித்தால் தண்ணீர் மிச்சமாகும் என்று நீ எழுதியது சரிதான். மானாவாரியில், மூன்று மாதத்துக்குள் விளைகிற பயிர். ஆனால் ஐந்து கிலோவைக் கெடவிட்டால் என்ன மிச்சம்? கசந்த மாவைச் சாப்பிட்டுத் தீர்க்கப் பார்க்காதே. உரத்தொட்டியில் கைப்பிடி கைப்பிடியாகத் தூவி, காய்ந்த சருகோடு கலந்துவிடு. மொத்தமாகக் கொட்டினால் கட்டி பிடித்து நாறும். மாடிவீட்டுக்காரர் மறுபடியும் புராணத்தை ஆரம்பிப்பார்.

தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்த்ததும் அளவை எழுது.

உன்,
கோமதி