கடற்பயணத்திற்கு நம் மளிகை ஒத்துவராதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கிலிருந்து லங்காவி வழியாக இலங்கைக்குப் பாய்மரப் படகில் செல்லவிருக்கும் நால்வரின் ஆயத்தங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பிள்ளைகள் காற்றை நம்பிக் கடலில் இறங்குவது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால், நம்மவர் சமையல் கடலுக்கு ஒத்துவராது, டின் உணவும் மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டுமே போதும் என்ற முடிவையும், பதினைந்து நாளைக்கு நூறு லிட்டர் தண்ணீர் என்ற கணக்கையும் என்னால் ஏற்க முடியவில்லை. லிட்டில் இந்தியாவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மளிகைக் கடை நடத்தி, படகுக்காரர்கள் பலருக்குச் சாமான் கட்டிக் கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். லங்காவியிலிருந்து இலங்கையின் தென்கோடியிலுள்ள காலி (Galle) துறைமுகம் ஏறத்தாழ 1,200 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் இரவு பகலாக ஓடினாலும் 10 நாள் பிடிக்கும். நடுவில் காற்று விழுந்துவிட்டால் 15 நாள் என்று வைத்துக்கொள்வதே முறை. வெயிலில் கயிறு இழுக்கிற ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 4 லிட்டராவது வேண்டும். அப்படியானால் நால்வருக்கு 240 லிட்டர், கைகாவலாக அதில் பாதியைச் சேர்த்தால் 360 லிட்டர். அதிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனித்தனிக் கலன்களில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் தொட்டியில் உப்புநீர் புகுந்துவிட்டால் நடுக்கடலில் கடன் கேட்க ஆளில்லை. கட்டுரையில் வந்த நூறு லிட்டர் ஒரு வாரத்துக்கே காணாது.

இந்தத் தண்ணீரையும் எரிவாயுத் தோம்பையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், நம் கடைச் சரக்கில் எது ஏறலாம், எது கரையில் நிற்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். கொண்டைக்கடலை இரவெல்லாம் ஊறி, குக்கரில் பல விசில் கேட்கும். துவரம்பருப்பும் பாசிப்பருப்பை விட அதிக நேரம் எடுக்கும். பாசிப்பருப்பும் மைசூர்ப் பருப்பும் விரைவில் குழைந்துவிடும். முழுப் பாசிப்பயறோ இன்னும் நல்லது: ஈரத்துணியில் கட்டி வைத்தால் இரண்டு நாளில் முளைவிட்டு, மூட்டையில் வாங்கிய தவ்கே (முளைப்பயறு) அழுகிப்போன பிறகும் பச்சைக் காய்க்கு ஈடு கொடுக்கும். அவலுக்கு அடுப்பே வேண்டாம். ஆடும் படகில் மூடி இறுகப் பூட்டிய குக்கரைப் போலப் பாதுகாப்பான பாத்திரமும் வேறில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை மட்டும் அளவோடு ஏற்ற வேண்டும். அவை தாகத்தைக் கிளப்பித் தண்ணீர்க் கணக்கில் கை வைத்துவிடும்.

காற்று நம் பக்கம் இருந்தாலும் வெப்பம் நம் பக்கம் இல்லை. குளிர்நாட்டுப் புத்தகங்கள் காய்கறியைப் படகின் அடித்தளத்தில் வைக்கச் சொல்கின்றன. அங்கே கடல் குளிர்ந்திருப்பதால் அடித்தளமும் குளிர்ந்திருக்கும். மலாக்கா நீரிணையில் கடல்நீரே 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போது அந்த அறிவுரை உருளைக்கிழங்கை அவித்துக் கொடுப்பதற்குத்தான் உதவும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் வெவ்வேறு வலைப்பைகளில் காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும். கீறல் விழாத பரங்கிக்காயும் முட்டைக்கோசும் வாரக்கணக்கில் தாங்கும். தேங்காயைக் குடுமியோடு வாங்க வேண்டும்; குடுமியைப் பிய்த்துவிட்டால் கண் வழியே கெட்டுவிடும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். வடகிழக்குப் பருவக்காற்றை நம்பி மேற்கே போகிறவர்கள் புறப்படுவது பெரும்பாலும் சனவரி, பிப்ரவரி மாதங்களில்தான். அதே வேளையில் தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் வருவதால், தேங்காய்க்காக அலைய வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

குளிர்பெட்டியில் ஒருமுறை வைத்து எடுத்த முட்டையை ஏற்றக் கூடாது. வெளியிலேயே இருந்த முட்டைக்கு எண்ணெய் தடவி, இரண்டு நாளுக்கொருமுறை புரட்டி வைத்தால் இரண்டு மூன்று வாரம் வரும். தண்ணீரில் போட்டால் மிதப்பதை மட்டும் கடலில் எறிந்துவிடலாம். அட்டைப் பெட்டி ஒன்றுகூடப் படகுக்குள் போகக் கூடாது, அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டையும் கூடவே வந்து சேரும். அரிசியை நன்றாகக் காய்ந்த பிளாஸ்டிக் போத்தல்களில் காய்ந்த மிளகாயோடு அடைத்தால் வண்டு அண்டாது. டின்களின் காகித லேபிள் ஈரத்தில் உரிந்துவிடும் என்பதால் மூடியில் மையால் பெயர் எழுதிவிட வேண்டும். ஒருமுறை என் வாடிக்கையாளர் ஒருவர் சாடின் என்று நினைத்துத் திறந்த மூன்று டின்னிலும் லைச்சிப் பழமே இருந்ததாம்.

வைட்டமின் சி இல்லாமல் ஸ்கர்வி வரும் என்று கட்டுரையாளர் அஞ்சியிருக்கிறார். 1747-இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்துக் குணப்படுத்திய மாலுமிகள் பல வாரங்களாகக் கடலில் இருந்தவர்கள். பதினைந்து நாளில் அந்த நோய் வராது. அவர் அஞ்ச வேண்டியது முதல் இரண்டு நாள் தலைசுற்றலுக்குத்தான். அப்போது அடுப்பருகே நிற்க யாராலும் முடியாது. கரையிலேயே கிளறிக் கட்டிய புளிச்சோறு அந்த இரண்டு நாளுக்கும் தாங்கும். என் தகப்பனார் நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் பினாங்குக்கு வந்தபோது கையில் கொண்டுவந்ததும் ஒரு புளிச்சோற்று மூட்டைதான்.

அந்த நால்வரும் சாமான் ஏற்றும் முன், குறைந்தது தண்ணீர்க் கணக்கையாவது தாங்கள் திருத்தி வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மளிகை வணிகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு