வேலையைக் கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுங்கள்

ஆசிரியருக்கு,

ஏப்ரல் 2, ஆட்டிசம் விழிப்புணர்வு நாளையொட்டி வெளியான கட்டுரை, சிறு வயதிலேயே கண்டறிந்து பயிற்சி தொடங்குவதை விரிவாகப் பேசியது. தேவையான கட்டுரைதான். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு இருபது வயதும் ஆகும், நாற்பது வயதும் ஆகும். பள்ளி முடிந்ததும் வீட்டுக்குள் முடங்கிவிடாமல் அவர்களுக்கு வேலை கற்றுத்தருவது எப்படி என்பதையும் எழுதுங்கள்.

பதினான்கு வயதிலேயே இதைத் தொடங்கிவிடலாம். பொட்டலம் போடுவதை எடுத்துக்கொள்வோம். கவரைப் பிரிப்பது, பொருளை அள்ளிப்போடுவது, எடை பார்ப்பது, வாயை ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டியில் அடுக்குவது என ஆறு படிகள். முதல் ஐந்தை நாம் செய்துவிட்டு, அடுக்குவதை மட்டும் கற்றுக்கொள்பவரிடம் விடவேண்டும். அது பழகியதும் கடைசி இரண்டு, பிறகு மூன்று. இப்படிப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவர் அவராகவே இருப்பார்.

இது கெடுவது பெரும்பாலும் நம் வாயால்தான். "ம், அடுத்து?" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தச் சொல்லும் வேலையில் ஒரு படியாகிவிடும், அது காதில் விழாவிட்டால் கை நின்றுவிடும். பேசாமல் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நகராவிட்டால் விரலால் காட்டுங்கள். அதுவும் போதாவிட்டால் ஒருமுறை செய்துகாட்டுங்கள்.

"போதும் என்கிறவரை போடு" என்றால் பலருக்கு விளங்காது. முட்டை அட்டையில் பத்துக் குழிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். குழிக்கு ஒன்றாகப் பத்தும் நிறைந்தால் வேலை முடிந்தது. சீக்கிரம் முடித்துவிட்டாரே என்று இன்னொரு அட்டையை நீட்டவே கூடாது. வேகமாக முடித்தால் வேலை கூடும் என்றுதான் அவர் கற்றுக்கொள்வார்.

வீட்டில் கச்சிதமாகச் செய்தவர் கடையில் திணறலாம். தட்டு வேறு, மேசை வேறு, தலைக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல். ஆகவே இரண்டு மூன்று இடங்களில் பழக்குங்கள். முதலாளிகள் சுவரைப் பார்த்த இருக்கையும், இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போனும், படிகளைக் காட்டும் நிஜப் புகைப்படங்களும் தந்தாலே பாதிச் சிரமம் தீரும். பேச்சு வராதவர் கையில் "வலிக்குது", "வேண்டாம்", "ஓய்வு வேணும்" என்ற அட்டைகளாவது எப்போதும் இருக்கவேண்டும். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரெனத் தலையில் அடித்துக்கொண்டால், அடம் என்று முடிவுகட்டாமல் பல்வலியா, காதுவலியா, மலச்சிக்கலா என்று முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் தரும் 4 சதவீத ஒதுக்கீட்டில், ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவுகளுக்குச் சேர்த்து 1 சதவீதம் உண்டு. பதினெட்டு வயதுக்குப் பின், அவர் சார்பில் முடிவெடுத்துக் கையெழுத்திடச் சட்டப்படியான காப்பாளர் தேவைப்பட்டால், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் உறவினர்கள் சொன்னார்கள் என்பதற்காக எல்லோருக்கும் காப்பாளர் வாங்காதீர்கள். தன் சம்பளத்தைத் தானே கையாளத் தெரிந்தவரின் கையெழுத்தைப் பறிப்பது அநியாயம். ஏடிஎம்மில் பணம் எடுப்பதையும் இதே படிமுறையில் கற்றுக்கொடுக்கலாம். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதை அதற்கு முன்பே பழக்கிவிடுங்கள்.

– சிறப்புக் கல்வியாளர், தாம்பரம்