டப்பாப் பாலைக் கலக்கச் சொல்லித்தர ஆளில்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்ப்பால் வாரத்தையொட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையை நானும் என் மகளும் சேர்ந்து படித்தோம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம் என்று எழுதியிருந்ததெல்லாம் சரி. ஆனால் டாக்டரே பவுடர் பால் எழுதிக்கொடுத்த வீட்டுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறோம். கடந்த மார்ச்சில் என் மகளுக்கு ஆபரேஷன் பிரசவம். பேத்தி பிறக்கும்போது 2 கிலோ 800 கிராம். நாலாம் நாளாகியும் பால் சரியாகச் சுரக்கவில்லை. பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் ஒரு பவுடர் பெயரை எழுதி, "வெந்நீரில் கலந்து கொடுங்கள்" என்றார்கள். எத்தனை ஸ்பூன், எவ்வளவு தண்ணீர் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

டப்பாவில் ஆங்கிலமும் இந்தியும்தான், அதுவும் பொடி எழுத்து. மகள் தையல் வலியில் படுத்திருந்தாள். கலக்கும் வேலை என்னுடையது. எனக்குத் தெரிந்தது தபேலாவில், அதாவது இங்குள்ள மாட்டுக்கொட்டகையில், வாங்கும் எருமைப்பால் கணக்கு. என் பிள்ளைகளுக்குப் பாதிப் பால், பாதித் தண்ணீர் விட்டுத்தான் கொடுத்தேன். "பச்சப்புள்ளைக்குக் கெட்டிப்பால் செரிக்காது" என்று என் மாமியார் சொல்லுவார். அதே கையோடு, 30 மில்லி தண்ணீருக்கு டப்பாவுக்குள் வரும் ஸ்பூனால் ஒரு ஸ்பூன் போட வேண்டிய பவுடரை 60 மில்லிக்குப் போட்டேன். காசுக் கணக்கும் மனதில் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. சரியான அளவில் வேளைக்கு 60 மில்லி, நாளைக்கு எட்டு வேளை என்றால் 16 ஸ்பூன். 400 கிராம் டப்பா ஆறு நாள்கூடத் தாங்காது. மாதத்துக்கு ஐந்து டப்பாவுக்கு மேல். மருமகன் தோல் பட்டறையில் வேலை செய்கிறவர்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டம்மா ஒருநாள் வந்து, "டப்பாப் பாலா கொடுக்குற?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கே மகள் அந்த டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஒளித்து வைத்த பொருளைப் பற்றி யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பது?

பதினைந்தாம் நாள் மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். பிறந்த எடையைப் பிள்ளை திரும்ப எட்டியிருக்க வேண்டிய நேரம் அது. தராசு 2 கிலோ 500 காட்டியது. தொடையில் தோல் தொளதொளவென்று மடிந்து கிடந்தது. நாளைக்கு எத்தனை துணி நனைகிறது என்று கேட்டார்கள். மூன்று என்றேன். குறைந்தது ஆறு நனைய வேண்டுமாம்.

அங்கிருந்த சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. "மாவ்ஷி, எப்படிக் கலக்குறீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்று மட்டும் இந்தியில் கேட்டார். மாவ்ஷி என்றால் இங்கே சித்தி, பெரியம்மா மாதிரி. செய்து காட்டினேன். அவர் ஸ்பூனை வாங்கி, பவுடரைக் குவியலாக அள்ளி, கத்தியின் முதுகால் ஒரே இழுப்பில் வழித்து மட்டமாக்கினார். அழுத்தவும் கூடாது, குவிக்கவும் கூடாது. முதலில் தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும், அதன்பிறகுதான் பவுடர். தண்ணீர் கூடினால் பிள்ளைக்குச் சத்து போய்ச் சேராது, உடம்பில் உப்பு குறைந்து வலிப்புவரை போகலாம். பவுடர் கூடினால் சிறுநீரகத்துக்குப் பாரம். மூடிய டப்பா என்பதால் பவுடரில் கிருமி இருக்காது என்று நினைக்கக் கூடாது. அதனால் கொதித்து இறக்கிய தண்ணீரை அரை மணி நேரத்துக்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலேயே கலந்து, பிறகு கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். புட்டி வேண்டாம், கொதிநீரில் போட்டெடுத்த பாலாடை, அதாவது பால் புகட்டும் சங்கு, போதும். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, பிள்ளை குடித்த மிச்சத்தை அப்போதே கொட்டிவிட வேண்டும். இவ்வளவையும் சொல்லிக்காட்ட அவருக்குப் பத்து நிமிஷம்தான் ஆனது.

ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பில் போட்டுவிட்டுப் பிறகு பாலாடையை எடுக்கச் சொன்னதும் அவர்தான். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும் என்றார். இரண்டாம் மாதம் முடியும்போது எங்களுக்கு டப்பா தேவைப்படவில்லை. எல்லா வீட்டிலும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவரவில்லை. ஆகாத தாய்களும் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் வளர வேண்டும்.

பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்று 1992இல் சட்டம் வந்தது, 2003இல் அதை இன்னும் இறுக்கினார்கள். நல்ல சட்டம். மருமகன் எடுத்துப் படித்துச் சொன்னதில் இன்னொன்றும் தெரிந்தது. டப்பாப் பாலைக் கொடுக்கும் முறையைத் தாய்க்கோ வீட்டாருக்கோ செய்துகாட்ட மருத்துவப் பணியாளரைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை, தவறாகக் கொடுத்தால் வரும் ஆபத்தையும் அவர் விளக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. கம்பெனிக்காரர் காட்டக் கூடாது, கடைக்காரர் காட்டக் கூடாது. நர்ஸம்மாவும் காட்டாமல் அனுப்பினால் எங்களுக்கு யார் காட்டுவது?

எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது சயான் ஆஸ்பத்திரி. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் தொடங்கிய இடம். அந்தப் பால் குறைமாதப் பிள்ளைகளுக்கும் நோயில் கிடக்கிற பிள்ளைகளுக்கும் முதலில் போக வேண்டியது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. வீட்டுக்கு வந்துவிட்ட எங்கள் பேத்தி போன்ற பிள்ளைகளுக்கு மிஞ்சுவது டப்பாதான்.

பவுடர் எழுதிக்கொடுக்கிற எந்த ஆஸ்பத்திரியும், பிள்ளைக்குப் பால் கலக்கப்போகிறவரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே ஒருமுறை கலக்கவைத்துப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பெரும்பாலும் அது பாட்டியாகத்தான் இருக்கும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பக்க ஆஸ்பத்திரிகளில் தமிழில் ஒரு தாளாவது கையில் கொடுக்கலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கத்தி முதுகால் வழித்த ஸ்பூனின் படத்தைப் போட்டு, கலக்கும் முறையை ஒரு குழந்தை மருத்துவரிடம் கேட்டு, பெரிய எழுத்தில் அரைப் பக்கம் வெளியிடுங்கள். எங்கள் சந்தில் இரண்டு பெண்கள் நிறைமாதமாக இருக்கிறார்கள். வெட்டிக்கொண்டு போய் அவர்கள் வீட்டு அடுப்படியில் ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை