சிவில் இன்ஜினீயருக்கும் ராணுவத்தில் பகுதிநேர இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பொறியியல் படித்தவர்கள் ராணுவத்தில் சேர்வது பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் அவ்வப்போது எழுதுகிறீர்கள். ராணுவ அதிகாரியாவதற்கான என்.டி.ஏ., சி.டி.எஸ். நுழைவுத் தேர்வுகள், இறுதியாண்டு மாணவர்களுக்கான டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸ் எல்லாம் வருகிறது. நல்லது, ஆனால் அந்தக் கதவுகள் எல்லாம் பெரும்பாலும் 27 வயதோடு மூடிவிடும். முப்பதைத் தாண்டி, குடும்பம் குட்டி என்று ஆகி, ரோடோ பாலமோ குடிநீர்த் திட்டமோ கட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிவில் இன்ஜினீயர், பார்க்கிற வேலையை விடாமலே ராணுவத்தில் லெப்டினன்ட், அதாவது தொடக்க நிலை அதிகாரி, ஆகலாம் என்பது நம்மூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? என்னோடு சைட்டில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், பலரும் நம்பவே இல்லை.

வழி இருக்கிறது. பெயர் டெரிட்டோரியல் ஆர்மி, பத்திரிகைகளில் பிராந்திய ராணுவம் என்று எழுதுகிறார்கள், சுருக்கமாக டி.ஏ. 1948இல் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9ஆம் தேதி அதைத் தொடங்கி வைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. தமிழ்நாட்டுக்குள்ளேயே கோயம்புத்தூரில் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த ஒரு டி.ஏ. பட்டாலியன் இருக்கிறது, எங்கள் திருச்சியில் கார்ட்ஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த இன்னொன்று இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் டி.ஏ. என்றால் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது தோனியும் மோகன்லாலும் சீருடை போட்டு நிற்கும் புகைப்படங்கள்தான். அவர்களுக்குக் கொடுத்தது கௌரவப் பதவி. அதை நான் குறை சொல்லவில்லை, அதனால் நாலு பேர் டி.ஏ.வைத் திரும்பிப் பார்த்தால் சந்தோஷம்தான். ஆனால் பரீட்சை எழுதி, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் தேர்வில் ஜெயித்து, மெடிக்கல் முடித்து, சாதாரண சம்பளக்காரனாக இருந்துகொண்டே அதிகாரியாகிற வழி தனியாக இருக்கிறது. காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான சச்சின் பைலட் 2012இல் அப்படித்தான் முறைப்படி தேர்வாகி அதிகாரியானார்.

விவரம் இதுதான். வயது 18 முதல் 42 வரை. ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். சொந்தமாகச் சம்பாதிக்கும் வேலையோ தொழிலோ கட்டாயம் இருக்க வேண்டும், வேலையில்லாதவருக்கு இது வேலை கொடுக்கும் திட்டம் இல்லை. ஏற்கெனவே ராணுவத்திலோ போலீஸிலோ இருப்பவர் விண்ணப்பிக்க முடியாது. தேர்வானால் லெப்டினன்ட். முதல் வருடம் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, அப்புறம் வருடா வருடம் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு ஆண்டுக்குள் டேராடூன் ராணுவ அகாடமியில் மூன்று மாதப் பயிற்சி. பயிற்சியிலோ பணியிலோ இருக்கும் நாட்களுக்கு ரெகுலர் அதிகாரிக்கு உள்ள அதே சம்பளம், அதாவது 56,100 ரூபாயில் ஆரம்பிக்கும் அடிப்படைச் சம்பளமும் அதன் மேல் படிகளும். மற்ற நாட்களில் உங்கள் வேலை, உங்கள் சம்பளம். இதை நம்பி முழுநேர வாழ்க்கையை அமைத்துக்கொள்ளாதீர்கள், பென்ஷனுக்கும் உறுதி கிடையாது என்று அவர்களே அறிவிப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்காக இது சும்மா சனி ஞாயிறு பரேடு என்றும் நினைத்துவிட வேண்டாம். 2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது டி.ஏ.வைப் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை ராணுவத் தளபதிக்கு மத்திய அரசு கொடுத்தது. 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐ அழைக்க வழி செய்தார்கள். கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சிவில் இன்ஜினீயர் டி.ஏ.வுக்கு விண்ணப்பித்தால் எழுத வேண்டிய பரீட்சையில் என்ன கேட்கிறார்கள்? ரீசனிங், எளிய கணக்கு, பொது அறிவு, ஆங்கிலம். கான்கிரீட் பற்றியோ மண் பற்றியோ ஒரு கேள்வி கிடையாது. பத்து வருடம் பாலம் கட்டியவரும் பத்து வருடம் வங்கியில் உட்கார்ந்தவரும் அங்கே ஒன்றுதான். தேர்வானபின் பெரும்பாலும் போவது காலாட்படைப் பட்டாலியனுக்கு. காலாட்படை கேவலம் என்று நான் சொல்லவில்லை, துப்பாக்கியோடு காவல் நிற்பது எந்தப் பொறியாளர் வேலைக்கும் குறைந்ததல்ல. ஆனால் நாடு காசு செலவழித்துப் படிக்கவைத்து, தொழில் பதினைந்து வருடம் சொல்லிக்கொடுத்து உருவாக்கிய ஒரு திறமையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்வது யாருக்கு லாபம்?

டி.ஏ.வில் பொறியியல் பிரிவே இல்லையா என்றால் இருக்கிறது. ரயில்வேக்கும், எண்ணெய் எடுக்கும் அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி.க்கும், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் குழாய்ப் பாதைகளுக்கும் தனித்தனி ரெஜிமெண்டுகள் அமைத்தார்கள். போரோ வேலைநிறுத்தமோ வந்தால் ரயிலும் எண்ணெயும் நிற்கக் கூடாது என்ற எண்ணம். 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது டி.ஏ. ஆட்களை வைத்து ரயில் ஓட்டினார்கள். ஆனால் அவை அந்தந்த நிறுவன ஊழியர்களுக்கானவை. நெடுஞ்சாலைத் துறையிலோ பொதுப்பணித் துறையிலோ குடிநீர் வாரியத்திலோ தனியார் கம்பெனியிலோ வேலை பார்க்கும் சிவில் இன்ஜினீயர் அங்கே நுழைய முடியாது. நம் மாநிலத்தில் சிவில் படித்தவர்களில் பெரும்பாலோர் இந்த நாலு இடங்களில்தான் இருக்கிறார்கள்.

இந்தத் திறமை எதற்கு ராணுவத்துக்கு என்று கேட்பவர்கள் வயநாட்டை நினைத்துப் பாருங்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் நிலச்சரிவு. சூரல்மலையையும் முண்டக்கையையும் இணைத்த பாலம் போய்விட்டது, அந்தப் பக்கம் மண்ணுக்குள் மனிதர்கள், இந்தப் பக்கம் ஜே.சி.பி.க்களும் ஆம்புலன்ஸ்களும். பெங்களூரிலிருந்து ராணுவப் பொறியாளர் படையின் மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப் வந்து, ஜூலை 31 இரவு வேலையைத் தொடங்கி மறுநாள் மாலையில் 190 அடி நீளத்துக்கு, 24 டன் தாங்கும் பெய்லி பாலத்தைக் கட்டி முடித்தார்கள். பெய்லி பாலம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டாம் உலகப் போரில் டொனால்ட் பெய்லி என்பவர் வடிவமைத்தது, ஒவ்வொரு இரும்புச் சட்டமும் 10 அடி நீளம், 5 அடி உயரம், ஏறக்குறைய 260 கிலோ, ஆறு பேர் சேர்ந்தால் கிரேன் இல்லாமல் தூக்கிவிடலாம். சட்டத்துக்குச் சட்டம் ஒரு பின் அடித்து இணைத்து, முன்னால் எடை குறைந்த மூக்குப் பகுதியை வைத்து, மொத்தத்தையும் உருளைகள் மேல் அக்கரைக்குத் தள்ளுவார்கள். பின்பக்கம் எடை போதவில்லை என்றால் முன்பக்கம் ஆற்றுக்குள் கவிழும். அந்தக் கணக்கைப் போட வேண்டியவர், கரையில் மண் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர், இன்ஜினீயர்தான். அந்தப் பாலத்தை முன்னின்று கட்டியவர் மேஜர் சீதா ஷெல்கே என்ற பெண் அதிகாரி.

அவர்கள் முழுநேர ராணுவத்தினர், அந்த வேகமும் ஒழுங்கும் வருடக்கணக்கான பயிற்சியில் வந்தது, பகுதிநேரமாக வருகிற யாரும் நாளைக்கே அதைச் செய்துவிட முடியாது. ஆனால் இந்த மாதிரி நேரத்தில் பாலம் போடுவது மட்டுமே வேலை இல்லை. பக்கத்தில் இன்னும் நிற்கிற பழைய பாலத்தில் லாரி விடலாமா என்று யார் சொல்வது? எங்கள் ஊர் உதாரணமே இருக்கிறது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன, அதே மாதம் 22ஆம் தேதி முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. ஆற்றில் பாலம் கட்டுகிறவர்களுக்குத் தெரியும், வெள்ளத்தின்போது தூணின் காலடியில் தண்ணீர் குழி பறிக்கும், வெள்ளம் வடியும்போது அந்தக் குழியைத் தளர்ந்த மணல் வந்து மூடிவிடும். மேலே நின்று பார்த்தால் ஆற்றுப்படுகை சமமாக, ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நீளமான கம்பியை இறக்கிப் பார்த்தால் கெட்டியான மண் வரவேண்டிய ஆழத்தைத் தாண்டி சர்ரென்று இறங்கும். அப்போதுதான் அந்தத் தூணை நம்பக் கூடாது என்று தெரியும். இது ஒரு மாத முகாமில் வருகிற அறிவில்லை. வருடக்கணக்காக ஆற்றில் நின்றவரிடம் இருக்கிறது, அவரைத் தயாராக வைத்துக்கொண்டு தேவைப்படும்போது சீருடையில் அழைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இதே முக்கொம்பு மேலணையை 1830களில் கட்டிய ஆர்தர் காட்டன் மெட்ராஸ் இன்ஜினீயர்ஸ் படையின் அதிகாரி. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, தேனி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு படமாக இருக்கிற பென்னிகுவிக்கும் ராணுவ இன்ஜினீயர்தான். அவர்கள் முழுநேர அதிகாரிகள், காலமும் வேறு, வெள்ளைக்காரன் ராணுவம், எல்லாம் சரி. ஆனாலும் ராணுவத்துக்கும் சிவில் வேலைக்கும் நடுவே சுவர் எழுப்பாமல் வேலை செய்ததன் பலனை இன்றைக்கும் நாம் வயலில் பார்க்கிறோம்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்? பிரிட்டனில் 1865லேயே பெரிய கட்டுமானக் கம்பெனிகளிலும் ரயில்வேயிலும் இருந்த மூத்த இன்ஜினீயர்களுக்கு ராணுவப் பதவி கொடுத்து ஆலோசகர்களாக வைத்துக்கொள்ள ஒரு பிரிவைத் தொடங்கினார்கள், பெயர் மாறி இன்றும் ரிசர்வ் படையில் அது இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் சிவில் இன்ஜினீயர் கோர் என்றே ஒரு பிரிவு 1867இலிருந்து உண்டு. அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் உள்ளவர் வெளியே வேலை பார்த்துக்கொண்டே அதன் ரிசர்வ் அதிகாரியாகச் சேரலாம், பொதுவாக மாதம் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம். அங்கே முதலில் கேட்கப்படுவதே உன் தொழில் என்ன என்பதுதான்.

இங்கே டி.ஏ. அதிகாரிகளுக்கான 2025 அறிவிப்பில் மொத்தமே 19 இடங்கள். அதில் பெண்களுக்கு 1. டி.ஏ.வில் பெண்களைச் சேர்க்காமல் இருந்ததை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் தவறென்று சொல்லி வழி திறந்துவிட்டது. அதற்குப் பிறகு இத்தனை வருடம் கழித்து நாடு முழுவதற்கும் ஒரு இடம்! நம் பொறியியல் கல்லூரிகளில் சிவில் வகுப்பில் போய் எட்டிப் பாருங்கள், எத்தனை பெண்கள் என்று தெரியும். வயநாட்டில் பாலம் கட்டக் கூடிய கை, பகுதிநேரமாக வந்தால் மட்டும் வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பரீட்சையைவிடப் பெரிய தடை முதலாளிதான். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், தேர்வானால் வருடம் இரண்டு மாதம் முகாமுக்கு விடுவீர்களா என்று கேட்டேன். பணியாளர் பிரிவில் இருந்தவர் கொஞ்சமும் யோசிக்காமல் "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க சார்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, சட்டம் அவருக்குத் தெரியாது. டி.ஏ. சட்டத்திலேயே பணிக்கு அழைக்கப்பட்டவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பிரிவு இருக்கிறது, ஏட்டிலேயே இருக்கிறது. அரசு ஊழியருக்காவது துறையில் யாரையாவது கேட்கலாம். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் சைட் இன்ஜினீயர், பில் போடுகிற மாதம் பார்த்து இரண்டு மாதம் கேட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசு டெண்டர் எடுக்கும் கம்பெனிகளாவது டி.ஏ. ஊழியரை விடுவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், பாதிப் பயம் போய்விடும்.

பாதுகாப்பு அமைச்சகம் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. விண்ணப்பத்தில் தொழில் அனுபவத்துக்கு ஒரு இடம் வையுங்கள். சிவில், ஸ்ட்ரக்சுரல், மண்ணியல் அனுபவம் உள்ளவருக்குப் பரீட்சையில் தொழில் சார்ந்த ஒரு வினாத்தாள் வையுங்கள். தேர்வாகிறவரைப் பொறியாளர் படையோடு சேர்த்து முகாமிடச் செய்யுங்கள், பாலமும் பாதையும் குடிநீரும் போடும் இடத்தில் நிறுத்துங்கள். காஷ்மீரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டு வேலியைப் பனி ஒவ்வொரு குளிர்காலத்திலும் சாய்த்துவிட்டுப் போகிறது, அதை வருடந்தோறும் நிமிர்த்த ஆள் வேண்டியிருக்கிறது. வேலைக்கா பஞ்சம்? எங்களைப் போன்றவர்கள் 42 வயதைத் தொடுவதற்குள் செய்தால் நன்றாக இருக்கும்.

நம் எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வியாகக் கேட்கலாம், எத்தனை டி.ஏ. அதிகாரிகள் பொறியியல் பட்டதாரிகள், அவர்களில் எத்தனை பேர் பொறியியல் பணியில் இருக்கிறார்கள் என்று. பதில் வந்தால் அதை நீங்கள் முதல் பக்கத்திலேயே போடலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த டி.ஏ. அறிவிப்பு வரும்போது கடைசித் தேதிக்கு முன்பாக, வயது, தகுதி, பாடத்திட்டத்தோடு தமிழில் முழுமையாகப் போடுங்கள். இங்கிலீஷ் பேப்பர் வாங்காத சைட்டிலும் உங்கள் பேப்பர் வருகிறது.

இப்படிக்கு,
ஒரு பாலப் பொறியாளர்,
திருச்சிராப்பள்ளி.