முற்றம் இல்லாத செட்டிநாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் வந்திருக்கும் சென்னையின் புதிய உணவகங்களின் உள்ளலங்காரம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆத்தங்குடித் தரை, கடைசல் மரத்தூண்கள், தொங்கும் பித்தளை விளக்குகள், பூச்சு இல்லாத செங்கல் சுவர் என்று எல்லாவற்றையும் ரசித்து எழுதியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்து பேச முடிகிறதா என்பதை மட்டும் எழுதவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

கடந்த மாதம் அப்பாவின் 75-ஆவது பிறந்தநாளுக்கு ஒன்பது பேர் அப்படிப்பட்ட ஓர் உணவகத்துக்குப் போனோம். ஞாயிறு இரவு எட்டு மணி, ஒரு மேசைகூடக் காலி இல்லை. அப்பா இரண்டு காதிலும் கருவி வைத்திருக்கிறார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கல்லூரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா பத்து நிமிடம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் இரண்டு கருவிகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். பேரன் குரலையும் பக்கத்து மேசைச் சிரிப்பையும் நாற்காலி இழுபடும் சத்தத்தையும் அந்தக் கருவி சேர்த்தே பெரிதாக்கித் தந்தால் மனிதர் என்ன செய்வார்?

பாட்டைக் குறைக்கச் சொன்னோம். பரிமாறிய தம்பி மரியாதையாகக் குறைத்தார். இரைச்சல் அப்படியேதான் இருந்தது.

அதன்பிறகுதான் அந்த அறையைச் சரியாகக் கவனித்தேன். தரை முழுக்க ஓடு. மேசை கிரானைட். முன்பக்கம் கண்ணாடி. மேலே பால்ஸ் சீலிங் இல்லாமல், ஏசி குழாய்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து வெறும் கான்கிரீட்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். இரும்பு நாற்காலிகளின் காலில் ரப்பர் புஷ்கூடக் கிடையாது. ஒரு திரைச்சீலை, ஒரு மெத்தை, ஒரு மேசைவிரிப்பு எதுவும் கண்ணில் படவில்லை. எழுந்த சத்தம் அடங்க இடமில்லாமல் சுவருக்குச் சுவர் மோதுகிறது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் நம்மை அறியாமலே நாமும் குரலை உயர்த்துவோம். இதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மூக்கு தொண்டை மருத்துவர் 1911-லேயே எழுதிவிட்டார். நாம் உயர்த்தினால் பக்கத்து மேசைக்காரர் அதற்கு மேல் உயர்த்துகிறார். ஒன்பது மணிக்கு அந்த இடத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இதில் பெரிய வருத்தம், செட்டிநாட்டு வீட்டின் பெயரைச் சொல்லி இதைச் செய்வதுதான். என் பாட்டி வீடு காரைக்குடிப் பக்கம். அங்கேயும் தரை ஆத்தங்குடி ஓடுதான். சுவரோ முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, கை வைத்தால் வழுக்கும். ஆனாலும் கல்யாணப் பந்தியில் அத்தனை கூட்டத்திலும் அடுத்த இலைக்காரர் பேசுவது கேட்கும். நடுவில் முற்றம் இருக்கிறதே! வானத்துக்குப் போன சத்தம் திரும்பி வராது.

1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் எழுந்த ஓசை அடங்கவே ஐந்தரை வினாடி ஆனது. அதைச் சரிசெய்ய வந்த இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து பரப்பி, ஓசை எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்துகொண்டே போனார். ஒரு பொருள் எவ்வளவு சத்தத்தை உறிஞ்சும் என்று சொல்ல அவர் எடுத்துக்கொண்ட அளவு, திறந்த ஜன்னல். அதில் போன சத்தம் முழுதாகப் போய்விடும். அந்தக் கணக்கில் பாட்டி வீட்டு முற்றம் எத்தனை ஜன்னலுக்குச் சமம்! நம் உணவகங்கள் தூண்களையும் ஓடுகளையும் கொண்டுவந்துவிட்டு, அவற்றைப் பொறுத்துக்கொள்ள வைத்த முற்றத்தை விட்டுவிட்டன.

ஏசி போட்ட இடத்தில் கூரையைத் திறக்க முடியாது, சரி. அதே கூரையில் துணி போர்த்திய, சத்தத்தை உறிஞ்சும் ராக்வூல் (கல்லிழை) பலகைகளைத் தொங்கவிடலாம். மேசையின் அடிப்பக்கத்தில் பஞ்சுப் பலகை ஒட்டினால் யார் கண்ணுக்கும் தெரியாது, படமும் கெடாது. கண்ணாடிக்குக் கனமான திரை, நாற்காலிக் காலுக்கு ரப்பர். பழைய ஓட்டல்களில் துணித்திரை தொங்கும் ‘பேமிலி ரூம்’ இருக்குமே, அதையே இன்றைய ரசனைக்கு ஏற்ப ஒரு மூலையில் செய்து வைக்கலாம்.

உங்கள் செய்தியாளர்கள் அடுத்த முறை ஓர் உணவகத்தைப் பற்றி எழுதும்போது, படம் எடுக்க வசதியான காலை நேரத்தில் மட்டும் போகாமல், ஞாயிறு இரவு எட்டு மணிக்கும் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். எதிரே இருப்பவர் பேசியது கேட்டதா என்று ஒரு வரி எழுதட்டும். ஐப்பசியில் அப்பா அம்மாவின் திருமண நாள் வருகிறது. அப்பா கருவியைக் கழற்றாமல் சாப்பிடக்கூடிய இடம் இன்னதென்று நீங்கள் எழுதினால், ஒன்பது பேரும் அங்கேதான் போவோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை