கொக்கு காணாமல் போன கிண்ணம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தோள்வலி இப்போது எப்படி இருக்கிறது? வலியோடு பெரிய கட்டைகளைக் கடைசல் எந்திரத்தில் ஏற்றாதே, சொன்னால் கேள்.

"கடைசல் சாமானுக்கு வடிவம்தான் அழகு, அதன் மேல் கொக்கும் குருவியும் எதற்கு?" என்று கேட்டிருந்தாய். படித்ததும் கோபம்தான் வந்தது. அப்புறம், சூட்டுப் பேனாவின் காய்ந்த முனையால் மரத்தைச் சுட்டு நான் படம் வரைந்த பழைய கிண்ணங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது பாதி சரி.

முதல் கிண்ணத்தில் மலை, ஆறு, மரம், பறவைக் கூட்டம் என்று விரல் வைக்க இடமில்லாமல் நிரப்பியிருக்கிறேன். காகிதத்தில் வரைந்ததை அப்படியே வளைவில் ஒட்டிப் பிரதி எடுத்ததில், தாள் மடிந்த இடத்தில் மலை கோணலாகிவிட்டது. இப்போதெல்லாம் பென்சிலால் மரத்திலேயே வரைகிறேன். எந்திரத்தில் கிண்ணத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கிலிருந்து அதைக் கழற்றும் முன்பே, சுழலும் தண்டைச் சம இடைவெளியில் நிறுத்தும் 24 துளைப் பூட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

இரண்டாவது கிண்ணத்தின் கதையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நாணல் நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு. நான்கு நாள் உட்கார்ந்து சூட்டுப் பேனாவால் இறகு இறகாக இழைத்தேன். மரத்தின் வெளிர் நிறமே கொக்கின் வெள்ளை. எண்ணெய் பூசினேன். கண்முன்னே கொக்கு கருத்துக் காணாமல் போனது! மரத்தின் ரேகை, அதாவது நார் ஓடும் வரி, வெளியே வந்து முடிகிற இடம் அது. கிண்ணத்தில் எதிரெதிராக இரண்டு இடம் வருமே, உப்புத்தாள் போடும்போது நம் உயிரை வாங்குமே, அதேதான். அங்கே நார்களின் வாய் திறந்திருப்பதால் எண்ணெயை மடமடவென்று குடித்துவிடுகிறது.

அதிலிருந்து வரைவதற்கு முன்பே கிண்ணம் முழுக்க ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒருமுறை துடைக்கிறேன். பூச்சுக்குப் பிறகு எந்த இடம் கருக்கும், எது வெளிறி நிற்கும் என்று ஒரு நிமிடம் காட்டிவிட்டுக் காய்ந்துவிடும். கருக்கும் இடத்துக்கு நாணலும் நிழலும், வெளிறும் இடத்துக்குப் பறவை. எதை எங்கே வைப்பது என்பதை மரமே சொல்லிவிடுகிறது. எண்ணெயை மட்டும் கடைசியில்தான் பூசுவேன். பூசிய மரத்தைச் சுட்டால் வரும் புகை நல்லதல்ல. வெறும் மரத்துக்கே முகக்கவசமும் புகையை வெளியே இழுக்கும் விசிறியும் இல்லாமல் உட்காருவதில்லை.

இறகு இழைப்பதில் ஒரு நுணுக்கம். பேனாவின் கத்தி போன்ற முனையை இறகின் நடுத்தண்டில் வைத்து ஓரத்துக்கு இழுக்க வேண்டும். வைத்த கணத்தில் நின்றாயானால் ஒரு கரும்புள்ளி விழும், அது போகவே போகாது. நீரில் இறங்கும் வாத்து மாதிரி, நகர்ந்துகொண்டே தொட்டு, நகர்ந்துகொண்டே எழும்ப வேண்டும். கண்ணில் அந்த ஒளிப்பொட்டு இருக்கிறதே, அதைச் சுடுவதில்லை. கருவிழியை முழுக்கச் சுட்டுவிட்டு, பேனாக்கத்தி நுனியால் ஒரு கடுகளவு சுரண்டினால் போதும், பறவைக்கு உயிர் வந்துவிடும்.

வளர்ச்சி வளையம் பட்டை பட்டையாகத் தெரியும் மரங்களை இதற்கு விட்டுவிட்டேன். மெத்தென்ற பட்டையில் முனை பள்ளம் பறிக்கிறது, கெட்டிப் பட்டையில் துள்ளிக் குதிக்கிறது. மேப்பிள் போல நெருக்கமான ரேகைதான் பேனாவுக்கு வழிவிடும்.

நேற்று முடித்த கிண்ணத்தில் ஒரே ஒரு கொக்கு, மூன்று நாணல். தண்ணீர் வரையவில்லை; அடிப்பக்கம் ரேகை தானாகவே அலை அலையாக ஓடியது, அப்படியே விட்டுவிட்டேன். மேல் பாதி வெறும் மரம். உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டாய்.

சரி, உன் ஒல்லிக் கழுத்துக் குடுவை ஒன்றை எண்ணெய் பூசாமல் அனுப்பு. கழுத்தைத் தொட மாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய பட்டறைக் கூட்டாளி