கேமராவுக்கு முன்னால் வராத பேச்சு

அன்பு மகனுக்கு,

ஆபாசப் படங்களில் மேலதிகாரியும் ஊழியரும், மருத்துவரும் நோயாளியும் என்று வருவதெல்லாம் வெறும் கற்பனைதானே, அதனால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அப்பா மகனுக்கு எழுதும் விஷயமா இது என்ற கூச்சம் இப்போதும் இருக்கிறது. ஆனாலும் கேட்டவன் நீ என்பதால் எழுதுகிறேன்.

கற்பனையை நான் குற்றம் சொல்லவில்லை. ஒருவர் கை ஓங்கியும் மற்றவர் கை தாழ்ந்தும் இருக்கும் காட்சி மனத்தைக் கிளறுவது புதிதல்ல. கற்பனையில் இருவரையும் ஆட்டிவைப்பவன் ஒருவனே. அங்கே ‘வேண்டாம்’ என்பதும் அவனே எழுதிக்கொடுத்த வசனம். ஒழுங்காக எடுக்கப்படும் படங்களிலும், எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை, எந்தச் சொல்லைச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் நடிப்பவர்கள் முன்கூட்டியே பேசி முடித்திருப்பார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் படத்தில் வருவதில்லை. அதிகாரி நெருங்குவதும், அவள் தயங்குவதும், அடுத்த நிமிடமே அந்தத் தயக்கம் விருப்பமாக மாறிவிடுவதும்தான் பார்ப்பவன் கண்ணில் படுகின்றன. தயக்கம் என்றாலே சம்மதத்தின் முதல் படி என்று மனம் பழகிவிடுமோ என்பதுதான் என் கவலை.

படம் எடுத்த விதமே மோசடியாக இருந்ததும் உண்டு. படங்கள் இணையத்தில் வராது, வெளிநாட்டில் டிவிடியாக மட்டுமே விற்கப்படும் என்று நம்பவைத்து இளம்பெண்களை நடிக்கவைத்தவர்கள் மீதான வழக்கில், 2020 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ நீதிமன்றம் 22 பெண்களுக்கு ஏறத்தாழ 1 கோடியே 27 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. திரையில் பார்த்தவருக்கு அந்தப் பொய் தெரிந்திருக்க வழியே இல்லை.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். பிரிவுத் தலைவராக இருந்தபோது, எனக்குக் கீழே வேலை பார்த்த ஒரு பெண்ணை மாலையில் கூடுதல் நேரம் இருக்க முடியுமா என்று அடிக்கடி கேட்பேன். பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடியும் கழற்றியபடியே “சரி சார்” என்பார். முகம் சுளித்ததே இல்லை. மாற்றலாகிப் போகும் நாளில்தான், வீட்டில் கைக்குழந்தை காத்திருந்தது என்று சொன்னார். ஏனம்மா அப்போதே சொல்லவில்லை என்றேன். “விடுப்பு மனுவில் கையெழுத்துப் போடுகிறவர் கேட்டால் வேறென்ன சார் சொல்வது?” என்றார். நான் கேட்டது ஒரு மணி நேர வேலையைத்தான், அதற்கே இப்படி. அந்தப் பேனா மூடியை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் குழுவில் இருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே அழைப்பில் நீ மூன்று முறை பேசினாய். அவளுடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதுவது நீயாக இருக்கும்வரை உன் மனத்தில் உள்ளதை அவளிடம் கேட்காதே. கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால் முதலில் அந்தப் பொறுப்பிலிருந்து நீ விலகிக்கொள். அவளை இடம் மாற்றிவிடாதே. அதன் பிறகு கேட்டு அவள் பேசாமல் இருந்தால், இல்லை என்றே எடுத்துக்கொள்.

அம்மா இதைப் படித்துவிட்டு ஒரு வரியை அடிக்கச் சொன்னாள்; அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, இந்த முறை பேச்சை மாற்ற மாட்டேன்.

அன்புடன்,
அப்பா